அம்பாசிடர் மார்க் 2: இரவில் மட்டும் மினுங்கும் சிவப்பு விளக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இறங்கும் பேட்டரி

மேக்கரை மார்க்2

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2. அப்பா புனலூர்ப் பக்கம் ஒருவரிடமிருந்து 1974-இல் வாங்கியது. நான் ஓட்டப் பழகியதே இதில்தான். பேட்டரிக்குச் சார்ஜ் தர இன்னும் பழைய டைனமோதான் இருக்கிறது, பிற்கால வண்டிகளில் வரும் ஆல்டர்னேட்டர் போடவில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருந்த பழைய பாசிட்டிவ் எர்த்தை யாரோ எப்போதோ நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமைதோறும் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு இரவில் திரும்புவோம். பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டி ஹெட்லைட் போட்டதும் டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு லேசாக மினுங்க ஆரம்பிக்கிறது. முழுதாக எரிவதில்லை, சாம்பல் மூடிய கங்கு மாதிரி ஒரு சிவப்பு. லைட்டை அணைத்தால் அதுவும் அணைந்துவிடுகிறது. மழை பெய்து வைப்பரும் ஓடினால் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் போவதில்லை.

இதோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேட்டரி இறங்கிவிடுகிறது. பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. டைனமோவில் ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் காயில்) ரீவைண்டிங் செய்து கார்பன் பிரஷ் போட்டோம். கட்-அவுட்டும் (டைனமோவின் வோல்டேஜை அடக்கி, அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) புதுசு. ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதே என்று 100/90 வாட் ஹாலஜன் பல்பு போட்டேன். அதற்குப் பிறகு நிலைமை மோசமானதுதான் மிச்சம். ஊரில் பார்த்த எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டர் போட்டுவிடலாம் என்கிறார். அப்பாவுக்கு மனசில்லை. வண்டி எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அதே ஆசைதான்.

எங்கிருந்து தொடங்குவது?

களியக்காவிளை

நான் இதே பாட்டைப் பட்டு முடித்தவன். மாருதி 800 ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி, லேத்தில் ஒரு பிராக்கெட் செய்து மாட்டுங்கள். ஒரு நாள் வேலை. டைனமோ அந்தக் காலத்து விளக்குக்கும் அந்தக் காலத்து ரோட்டுக்கும் செய்தது. செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும்போது டைனமோ ஒன்றும் கொடுக்காது, பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

புனலூர் வயர்மேன்

அவசரப்பட வேண்டாம் தங்கச்சி. ஆல்டர்னேட்டரைப் பற்றி அப்புறம் பேசலாம். அண்ணாச்சி சொல்வதில் உண்மை உண்டு, ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் கொடுக்காதுதான். ஆனால் உங்கள் விளக்கு ஐட்லிங்கில் எரியவில்லை, ஓடும்போதுதான் எரிகிறது. அது வேறு விஷயம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். அம்பாசிடர், பத்மினி, ஜீப்பு என்று கை வைக்காத வண்டி இல்லை. சார்ஜிங் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் டைனமோவும் நன்றாக இருக்கும், கட்-அவுட்டும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்க்ரூவோ வயர் முனையில் மாட்டும் ஒரு லக்கோ கெட்டுக் கிடக்கும்.

முதலில் அந்த விளக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அதன் ஒரு முனை இக்னிஷன் சாவிக்குப் பிறகு வரும் வெள்ளை வயரில் இருக்கிறது. மறுமுனை டைனமோவின் 'டி' முனைக்குப் போகிறது. சாவியைத் திருப்பும்போது டைனமோ சுற்றவில்லை, அங்கே வோல்டேஜ் இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் விளக்கு வழியாக டைனமோவுக்குப் போய் எர்த் ஆகிறது, விளக்கு நன்றாக எரிகிறது. இஞ்சின் வேகம் பிடித்ததும் டைனமோவும் 13, 14 வோல்ட் தருகிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் என்றால் விளக்கு எப்படி எரியும்? அணைந்துவிடும்.

ஆக, ஓடும்போது மினுங்கினால் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று அர்த்தம். லைட் போட்டதும் மினுங்கினால், லைட்டுக்குப் போகும் கரண்ட் வழியில் எங்கோ ஒரு இடத்தில் வோல்டேஜ் விழுகிறது. 'டி' பக்கம் உயரமாகவும் வெள்ளை வயர்ப் பக்கம் தாழ்வாகவும் நிற்கிறது. டைனமோ பலவீனமாக இருப்பதற்கு இது அடையாளமே இல்லை. அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, வேலை செய்தது போய்ச் சேரவில்லை.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும், சாதாரணமானதே போதும். இஞ்சினை வேகமான ஐட்லிங்கில் வைத்து, ஹெட்லைட் டிம்மில் போட்டுவிட்டு இவற்றை அளந்து சொல்லுங்கள்.

பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கும் நடுவே. கிளாம்ப்பில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே முள்ளை அழுத்துங்கள்.

டைனமோவின் 'டி' முனைக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே.

பேட்டரி நெகட்டிவ் ஈயத்துக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே. இதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

கட்-அவுட்டில் 'டி' டைனமோவிலிருந்து வரும் முனை, 'ஏ' பேட்டரிக்குப் போகும் முனை, 'ஏ1' லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் போகும் முனை. அங்கே 'டி'க்கும் 'ஏ'வுக்கும். 'ஏ'வுக்கும் பேட்டரி பாசிட்டிவ் ஈயத்துக்கும். கடைசியாக 'ஏ1'-க்கும் இக்னிஷன் காயிலில் வெள்ளை வயர் வரும் முனைக்கும்.

ஃபேன் ஓடும்போது குனிந்து வேலை செய்கிறீர்கள். துப்பட்டா இருந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், வளையலைக் கழற்றி வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை பத்மினி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். சார்ஜ் விளக்கைப் பற்றி என் அனுபவம் ஒன்று. என் பத்மினியில் ஆல்டர்னேட்டர் மாற்றியிருக்கிறது. டேஷ்போர்டுக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லா பல்பையும் எல்ஈடி ஆக்கினேன். அடுத்த நாளிலிருந்து சார்ஜ் வரவில்லை. வண்டி எடுத்து ஒருமுறை நன்றாக ரேஸ் செய்த பிறகுதான் வரும். ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன், பெஞ்சில் நன்றாகவே ஓடியது.

பிறகுதான் புரிந்தது. ஆல்டர்னேட்டரில் ரோட்டருக்கு முதல் கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. 2.2 அல்லது 3 வாட் சாதாரண பல்பு அதற்குப் போதுமான கரண்டை விடும். எல்ஈடி விடாது. பழைய பல்பை மறுபடி மாட்டினேன், சரியாகிவிட்டது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அந்த பல்பு ஃபியூஸ் ஆனாலும் இதே கதைதான்.

புனலூர் வயர்மேன்

நல்ல விஷயம் சொன்னீர்கள். டைனமோவுக்கு அது தேவையில்லை, அதன் போல் ஷூவில் (ஃபீல்டு காயிலுக்குள் இருக்கும் இரும்பு) தங்கியிருக்கும் காந்தமே அதை எழுப்பிவிடும். ஆல்டர்னேட்டருக்கு மாற்றுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

மேக்கரை மார்க்2

அளந்துவிட்டேன். தம்பி ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டான்.

பேட்டரி முனைகளில் 12.8. டைனமோ 'டி'க்கும் அதன் உடம்புக்கும் 14.4. பேட்டரி நெகட்டிவுக்கும் டைனமோ உடம்புக்கும் 0.9. 'டி'க்கும் 'ஏ'வுக்கும் 0.1. 'ஏ'வுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் 0.6. 'ஏ1'-க்கும் காயிலுக்கும் 2.2.

கடைசி எண்ணைப் பார்த்ததும் மீட்டர்தான் தப்போ என்று மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். லைட்டை அணைத்தால் அதுவே 0.4 ஆகிவிடுகிறது. ஹெட்லைட் பல்பு முனையிலும் அளந்தேன், அங்கே 10.6 வோல்ட்தான் இருக்கிறது.

புனலூர் வயர்மேன்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள். 0.9, 0.1, 0.6 மூன்றும் சேர்ந்து 1.6. டைனமோவில் 14.4, அதில் 1.6 போனால் பேட்டரியில் 12.8. கணக்கு அப்படியே நிற்கிறது. டைனமோ உழைக்கிறது, வழியில் கசிந்துபோகிறது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'டி'க்கும் 'ஏ'வுக்கும் 0.1 என்றால் கட்-அவுட் பாயின்ட் சுத்தமாக இருக்கிறது. பழைய கட்-அவுட்டும் நல்லதாகவே இருந்திருக்கலாம். அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் பத்திரமாக வையுங்கள்.

'ஏ1'-இலிருந்து காயில் வரை 2.2. இதுதான் உங்கள் சிவப்பு விளக்கு. 'ஏ1'-இலிருந்து கிளம்பும் பெரிய வயர் லைட் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து இக்னிஷன் ஸ்விட்சுக்குப் போகிறது. ஹெட்லைட்டும் இக்னிஷனும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கின்றன. மடை அடைத்துக்கொண்டால் இரண்டு வயலும் காயும். அதனால்தான் லைட் போட்டதும் காயில் பக்கமும் தாழ்ந்து விளக்கு மினுங்குகிறது.

100/90 பல்பைப் பற்றி இப்போது சொல்லலாம். லைட் மங்கலாக இருந்தது பல்பின் குற்றம் இல்லை, 10.6 வோல்ட்தான் அதற்குப் போகிறது. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்த நிலையில் பெரிய பல்பு போட்டால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் கெட்ட இடத்தில் இன்னும் வோல்டேஜ் விழும், அங்கே சூடு ஏறும்.

கணக்கும் பாருங்கள். ஹை பீமில் இரண்டு 100 வாட் பல்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பார்க்கிங், டெயில், டேஷ்போர்டு 2. வைப்பர் 3. இக்னிஷன் 3 அல்லது 4. மொத்தம் 25 ஆம்பியர் தாண்டுகிறது. உங்கள் டைனமோ லூகாஸ் சி40 வகையாக இருந்தால் 22 ஆம்பியர், சி39 என்றால் 19. மழை இரவில் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் பேட்டரி கையிருப்பிலிருந்து செலவு செய்கிறது. பேட்டரி பதினைந்து நாளில் இறங்குவதற்கு இது பெரிய காரணம். 60/55-க்குத் திரும்பினால் மொத்தமே 19-க்குள் வந்துவிடும்.

எர்த் பக்கம் 0.9 இருக்கிறது. 0.2-க்கு மேல் இருந்தாலே தேட வேண்டும். இஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட் கடத்தாது, இஞ்சினிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் பட்டை இருந்தாக வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளை இஞ்சின் பிளாக்கிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்துப் பாருங்கள். அந்த 0.9-இல் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி. செல்ஃப் அடிக்கும்போது மந்தமாகச் சுற்றுகிறதா? சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மேக்கரை மார்க்2

அண்ணாச்சி, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து அடித்தேன். பிடிக்கவில்லை என்று சோக்கைத் தள்ளப் போனபோது குமிழுக்குப் பின்னால் இருக்கும் கம்பி விரலைச் சுட்டது. கொப்புளமே வந்துவிட்டது. இஞ்சின் சூடு என்று நினைத்தேன். ஆனால் அன்று இஞ்சின் கிளம்பவே இல்லை, சூடு எங்கிருந்து வரும் என்று அப்போது தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து, பதினாறு மாதத்துக்கு முன்னால் இஞ்சினை இறக்கி, டிங்கரிங் பார்த்து, வண்டி முழுக்கப் பெயின்ட் அடித்தோம். இஞ்சின் ரூம் உள்ளேயும் அடித்தார்கள். இப்போது நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாத் தொல்லையும் அதற்குப் பிறகுதான்.

புனலூர் வயர்மேன்

சரி, இதோ வந்துவிட்டது.

செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் இஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை இல்லாவிட்டால், அல்லது பட்டை பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால், அந்தக் கரண்ட் கிடைத்த வழியில் போகும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, ஹேண்ட் கியர் கம்பிகள் என்று எது கிடைத்தாலும் சரி. சோக் கேபிள் சிவக்கச் சூடாகி பிளாஸ்டிக் உறை உருகி ஓடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பெட்ரோல் பைப்பு போகிறது, யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயின்டர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய வேலை எல்லா இடத்தையும் மூடுவது. திரும்ப மாட்டும்போது எர்த் இடங்களைச் சுரண்டியிருக்க வேண்டும்.

பேட்டரி எர்த் கேபிள் பாடியில் சேரும் இடம், இஞ்சின் பட்டையின் இரண்டு முனை, கட்-அவுட்டின் 'இ' என்ற எர்த் முனை, ஹெட்லைட் எர்த் போல்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு முறுக்குங்கள். அதற்கு மேல் வாசலின் தடவலாம், முறுக்குவதற்கு முன்னால் தடவ வேண்டாம்.

கட்-அவுட்டின் 'இ' முனையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் இருக்கும் காயில் 'டி'க்கும் 'இ'க்கும் நடுவில் இருக்கும் வோல்டேஜை வைத்துத்தான் டைனமோவை அடக்குகிறது. 'இ' சரியாக எர்த் ஆகாவிட்டால் அது குறைவாகக் கணக்கு எடுக்கும், டைனமோ கட்டில்லாமல் ஏறும். பல்பு எரிந்துபோகும், பேட்டரித் தண்ணீர் கொதிக்கும்.

வேலைக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றுங்கள். எர்த் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

நகரி ஜீப்பு

புத்தூர், நகரிப் பக்கத்தில் மகிந்திரா ஜீப்பு வைத்திருக்கிறேன். அக்கா, உங்கள் பேட்டரி நிற்கும்போதும் இறங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் ஜீப்பில் நான்கைந்து நாள் நின்றாலே செல்ஃப் எடுக்காது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் ஈயத்துக்கும் நடுவில் ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்தேன். லேசாக எரிந்தது. ஃபியூஸ் ஒவ்வொன்றாக உருவியும் அணையவில்லை. கடைசியில் ஆல்டர்னேட்டரின் பெரிய வயரைக் கழற்றினேன், அணைந்துவிட்டது. ஒரு டயோடு போயிருந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு அடையாளம் இருந்தது: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். பனியில் மற்ற எல்லா இரும்பும் சில்லென்று இருக்க, அது மட்டும்.

0.3 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர் போய்விடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

மேக்கரை மார்க்2

தம்பி சொன்னபடி இன்று காலையில் பார்த்தேன். டெஸ்ட் லாம்ப் துளியும் எரியவில்லை. மீட்டரை ஆம்பியரில் வைத்தும் பார்த்தேன், பூஜ்யம். நிற்கும்போது கசிவு இல்லை.

புனலூர் வயர்மேன்

நல்லது, ஒரு சந்தேகம் தீர்ந்தது. மீட்டரை ஆம்பியரில் வைத்திருக்கும்போது தவறிப்போய்க்கூடச் சாவியைத் திருப்பாதீர்கள், உள்ளே ஃபியூஸ் போய்விடும். முதலில் டெஸ்ட் லாம்ப், அப்புறம் மீட்டர் என்று நீங்கள் பார்த்த வரிசை நல்ல வரிசை.

கம்பம்மெட்டு ஹெரால்டு

ஐயா, இந்த இழையிலேயே என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு வருஷமாக ஷெட்டில் நின்றது. இப்போது கிளப்பினால் சார்ஜ் விளக்கு அணையவே இல்லை. டைனமோவைக் கழற்ற வேண்டுமா?

புனலூர் வயர்மேன்

கழற்றாமலே பார்க்கலாம். ஃபேன் பெல்ட் சரியாக இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டைனமோவில் இருக்கும் இரண்டு வயரையும் உருவிவிடுங்கள். பெரிய முனை 'டி', சிறிய முனை 'எஃப்'. இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அந்த வயருக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். இஞ்சினைக் கிளப்பி மெதுவாக வேகம் கூட்டுங்கள். வோல்டேஜ் தடங்கலில்லாமல் 20 வரை ஏற வேண்டும். அதற்கு மேல் விடாதீர்கள். அந்த நேரத்தில் டைனமோவை அடக்க யாரும் இல்லை, ரேஸ் செய்தால் எரிந்துவிடும்.

ஒன்றுமே வரவில்லை என்றால் பிரஷ் கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சர் முனையில் பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள்) தொடுகிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியில் பிரஷ் அதன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், கம்யூட்டேட்டரும் கறுத்துப்போகும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் ஃபீல்டு காயில் பக்கம் கோளாறு. நான்கு, ஐந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர்.

பிரஷ் எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் காந்தம் செத்திருக்கலாம். இஞ்சினை நிறுத்திவிட்டு, டைனமோ வயர்கள் கழற்றியபடியே இருக்க, பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து 'எஃப்' முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும். இரண்டு மூன்று தடவை போதும், போல் ஷூ மறுபடி காந்தம் பிடிக்கும். பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவாக மாற்றுகிறவர்களும் இதைச் செய்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் டைனமோ தலைகீழாகக் கரண்ட் தரும்.

பின்பக்க புஷ்ஷில் ஒரு சின்ன எண்ணெய்த் துளை இருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அது காய்ந்து புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் போல் ஷூவில் உரசிப் பாழாகிவிடும். நல்ல டைனமோக்கள் பல அந்த இரண்டு சொட்டு இல்லாமல்தான் போயின.

கம்பம்மெட்டு ஹெரால்டு

பிரஷ்தான் ஐயா. கூட்டுக்குள் இறுகிக்கொண்டு அசையவே இல்லை. பெட்ரோலில் கழுவி, லேசாகத் தேய்த்துப் போட்டேன், சார்ஜ் வந்துவிட்டது. மிகவும் நன்றி.

களியக்காவிளை

வயர்மேன் அண்ணாச்சி, உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் சபரிமலை சீசனில் ஆரியங்காவில் ஒரு மணி நேரம் ஊர்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். ஐட்லிங்கிலும் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் அங்கே எவ்வளவு நிம்மதி!

புனலூர் வயர்மேன்

அந்த நிம்மதி உண்மைதான், மறுக்கவில்லை. கார்த்திகை, மார்கழியில் அந்தப் பாதையில் ஓட்டுகிற யாரும் மறுக்க மாட்டார்கள். டைனமோவை வைத்துக்கொள்கிறவர்கள் நெரிசலில் ஹெட்லைட்டைப் பார்க்கிங்குக்கு மாற்றி, கொஞ்சம் ரேஸ் பிடித்து ஓட்டப் பழக வேண்டும்.

நான் சொல்வது வரிசையைப் பற்றி. இந்த வண்டியில் அன்றே ஆல்டர்னேட்டர் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? 'ஏ1' இணைப்பில் இப்போதே ஏறக்குறைய 20 ஆம்பியர் போகிறது, 2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் விழுகிறது. பெருக்கினால் 35, 40 வாட் சூடு. கடையில் விற்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. அதுவும் அறுபது வருஷத்துக்குப் பக்கத்தில் ஆன துணி உறை, பழைய பிளாஸ்டிக்குக்கு நடுவில். ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இன்னும் தூக்கிப் பிடிக்கும், பேட்டரி இறங்கியிருந்தால் 30, 40 ஆம்பியரை அந்தப் பழைய வயரிலேயே தள்ளும். சிவப்பு விளக்கு காட்டிய எச்சரிக்கை புகையாகக் காட்டியிருக்கும்.

மாற்றுகிறவர்கள் ஆல்டர்னேட்டரிலிருந்து செல்ஃப் சோலனாய்டு வரை புதிதாகத் தடித்த வயர் இழுங்கள். டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதன் அளவைப் பாருங்கள், 30 ஆம்பியர் மீட்டர் வழியாக 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை விடக் கூடாது. எர்த் எந்தப் பக்கம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள், மாறினால் டயோடு அந்த நொடியே போய்விடும்.

இன்னொரு பழைய பழக்கம். சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும் இஞ்சினில் பேட்டரி கிளாம்ப்பைக் கழற்றுவது. எங்கள் குருவே அப்படித்தான் பார்ப்பார், டைனமோ காலம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் எங்கோ எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் அடித்துவிடும்.

களியக்காவிளை

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. என் வண்டியில் பழைய வயரேதான் ஓடுகிறது. இந்த வாரமே மாற்றுகிறேன்.

மேக்கரை மார்க்2

நேற்று ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார்.

முதலில் இஞ்சின் பட்டை. பட்டை இருக்கிறது, புதுசு மாதிரி பளபளப்பாகவும் இருக்கிறது. பாடிப் பக்கம் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், லக்குக்குக் கீழே நல்ல வெள்ளைப் பெயின்ட், வட்டமாக லக்கின் அச்சு மட்டும். போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ கொஞ்சம் கரண்ட் போயிருக்கிறது. அந்த மரை கருகி நீலம் பாரித்திருந்தது. பேட்டரி எர்த் சேரும் இடத்திலும் பெயின்ட், ஆனால் அங்கே கொஞ்சம் உரிந்திருந்தது. 'இ' முனையும் அப்படியே. எல்லாவற்றையும் தேய்த்து முறுக்கினோம்.

அடுத்தது 'ஏ1'. ஸ்க்ரூவைத் தளர்த்தியதுமே வயர் கையோடு வந்துவிட்டது. பழுப்பு வயரின் கடைசி ஒன்றரை அங்குலம் கறுத்து, உறை விறைத்துப்போய் நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு இழைகள் பாதிக்கு மேல் அறுந்து கிடந்தன. முழுசாக இருந்தவற்றை எண்ணினேன், பதினொன்று. அவற்றிலும் பச்சைக் களிம்பு. குற்றாலச் சாரல் காற்று எங்கள் ஊர் வரைக்கும் வரும், வருஷத்தில் மூன்று மாதம் எதுவும் காயாது. இத்தனை நாள் இந்தப் பதினொரு இழையில்தான் இரண்டு ஹெட்லைட்டும் எரிந்திருக்கின்றன. அப்பா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சால்டர் மட்டும் வைக்கலாமா, திம்பிள் போடலாமா? வயரை எவ்வளவு தூரம் வெட்டுவது?

புனலூர் வயர்மேன்

செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டுங்கள். அரை அடி போனாலும் பரவாயில்லை. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, பிடித்த மாதிரி தெரியும். நீளம் போதவில்லை என்றால் ஒட்டுப் போடாமல் 'ஏ1'-இலிருந்து லைட் ஸ்விட்ச் வரை 4 சதுர மில்லிமீட்டர் வயர் புதிதாக இழுத்துவிடுங்கள். ஒட்டு போட்ட இடம் நாளைக்கு இன்னொரு 'ஏ1'. ஸ்க்ரூ முனைக்குச் செம்புத் திம்பிளை நல்ல கிரிம்பிங் கருவியால் அழுத்திப் போடுவது மேல். ஈயம் வைத்த முனையை ஸ்க்ரூவுக்குக் கீழே நெரித்தால் ஈயம் நாளடைவில் அமுங்கி இணைப்பு தளர்ந்துவிடும்.

லைட் ஸ்விட்ச், இக்னிஷன் ஸ்விட்ச் பின்பக்கங்களையும் பாருங்கள். 2.2-இல் எல்லாமே 'ஏ1'-இல் விழுந்திருக்காது. அப்புறம் ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ். ஸ்விட்சுக்கு அந்தச் சுமை வேண்டாம். ரிலேக்களுக்குச் சப்ளை 'ஏ1'-இலிருந்தே எடுங்கள். பல்பு 60/55.

கொழிஞ்சாம்பாறை பத்மினி

ஒரு சந்தேகம் ஐயா. பழைய சர்வீஸ் புத்தகத்தில் ரெகுலேட்டர் செட்டிங் 16 வோல்ட் என்று போட்டிருக்கிறது. பேட்டரிக்கு 16 வோல்ட் போனால் வெந்துவிடாதா?

புனலூர் வயர்மேன்

அது ஓபன் சர்க்யூட் அளவு. 'ஏ', 'ஏ1' வயர்களைக் கட்-அவுட்டிலிருந்து கழற்றி, அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, 'டி'க்கும் எர்த்துக்கும் நடுவில் பார்க்கும்போது வருவது. பேட்டரி மாட்டி, கரண்ட் ஓட ஆரம்பித்தால் அதன் தடித்த காயில் வோல்டேஜைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். இது தெரியாமல், பேட்டரியில் மீட்டர் வைத்துக்கொண்டு 16 வரும் வரை ஸ்க்ரூவைத் திருப்பி வேக வைத்த பேட்டரிகள் நிறைய. மற்ற எல்லா இணைப்பும் சரியாக இருக்கிறது என்று தெரியும் வரை கட்-அவுட் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மேக்கரை மார்க்2

முடிந்தது!

'ஏ1'-இலிருந்து புது வயர் இழுத்தோம். இக்னிஷன் ஸ்விட்ச் பின்னால் ஒரு லக் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். பேட்டரிக்குப் போகும் பழுப்பு வயரில் சோலனாய்டு பக்கத்து லக்கிலும் களிம்பு, 0.6-இன் காரணம் அதுதான். ரிலே வைத்து 60/55 பல்பு போட்டாயிற்று.

லைட் போட்டு, அதே வேகத்தில் அளந்தது: டைனமோவில் 13.9, பேட்டரியில் 13.5. எர்த் பக்கம் 0.1, 'டி'யிலிருந்து 'ஏ' 0.1, 'ஏ'யிலிருந்து பேட்டரி 0.2. 'ஏ1'-இலிருந்து காயில் 0.2. ஹெட்லைட் பல்பில் 13.1.

நேற்று சனிக்கிழமை. புனலூர் போய்விட்டு இரவில் திரும்பினோம். தென்மலையிலிருந்து நல்ல மழை. வைப்பர், ஹை பீம் எல்லாம் போட்டு வந்தேன். பதின்மூன்று கண் பாலத்தின் கீழே ரோட்டோரம் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முன்பு அந்த இடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவேன். கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவு இறங்கும் வரைக்கும் அப்பா டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சிவப்பு வரவே இல்லை. காலையில் செல்ஃப் ஒரே அடி, சோக் கம்பி சில்லென்று இருக்கிறது.

வயர்மேன் அண்ணாச்சிக்கும் எல்லோருக்கும் நன்றி. அடுத்த சனிக்கிழமை புனலூர் வரும்போது வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன். அப்பாவும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

புனலூர் வயர்மேன்

வாருங்கள், அப்பாவையும் கூட்டி வாருங்கள். பழைய கட்-அவுட்டையும் எடுத்து வாருங்கள், பெஞ்சில் போட்டுப் பார்த்துவிடலாம்.

புது திம்பிள் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் ஒரு மாதம் கழித்து ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். செம்பு சூட்டில் அமுங்கும், கால் சுற்று இளகியிருக்கும்.